ஜன்னல் என்றால் சிறைதானா? சட்டகத்துக்குள் பொருள் எங்கிருந்து வருகிறது?

கோடைநிழல் எழுதியது:

சென்ற ஞாயிறு மாலை எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) படத்தைத் திரையிட்டோம். படம் முடிந்து நடந்த கலந்துரையாடலில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, முதல் காட்சியில் வரும் மரச்சட்ட ஜன்னல்கள் சிறைக்கம்பிகள் என்றும், தெருவில் போகும் குரங்காட்டியின் குரங்கு சாருவேதான் என்றும், அவள் கைக்குட்டையில் தைக்கும் கணவனின் முதலெழுத்து அடிமை முத்திரை என்றும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் "குறியீடு!" என்று குரல் கொடுக்க, அரங்கமே சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது. பெரியவரின் விளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால், வீடென்றால் ஜன்னல் இருக்கும், அதனால் படத்திலும் ஜன்னல் இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

வசனம் ஏறக்குறைய இல்லாத அந்த ஏழெட்டு நிமிடங்களில் சாருவின் வாழ்க்கை எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லாமல் அது எப்படிப் புரிந்தது? சட்டகத்துக்குள் வைக்கப்படும் பண்டம், விழும் வெளிச்சம், நடிகர் நிற்கும் இடம், உடுத்தும் உடை ஆகியவை எவ்வாறு அர்த்தம் கொள்கின்றன என்பதை அறிந்தவர்கள், முடிந்தவரை இந்த ஒரு காட்சியை விட்டு அதிகம் விலகாமல் விளக்கினால் உதவியாக இருக்கும்.


மேசைவிளக்கு எழுதியது:

தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் பண்டத்தையும் குறிக்கிறது, அர்த்தத்தையும் குறிக்கிறது. உங்கள் சங்கத்துப் பெரியவர் விழுந்த குழி இந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்று விளையாட்டாகச் சொல்லலாம்: பண்டத்தைச் சுட்டிக்காட்டிய மாத்திரத்தில் அர்த்தத்தையும் சுட்டிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அந்தக் காட்சியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். 1879ஆம் ஆண்டின் கல்கத்தா. பெயர்கள் ஓடும்போதே சாருவின் கைகள் கைக்குட்டையில் 'பி' என்ற ஆங்கில எழுத்தைத் தைத்துக்கொண்டிருக்கின்றன. கடிகாரம் அடிக்கிறது, கணவனுக்குத் தேநீர் அனுப்புமாறு வேலையாளை அழைத்துச் சொல்கிறாள். அதற்கு மேல் அவளுக்கு வேலை இல்லை. புத்தக அலமாரிக்குப் போய், வங்க நாவலாசிரியர் பங்கிமின் பெயரைப் பாட்டுப்போல முணுமுணுத்தபடி ஒரு நூலைத் தேடி எடுக்கிறாள். தெருவில் உடுக்கைபோல ஓர் ஓசை கேட்கிறது. ஜன்னலின் சாய்ந்த மரச்சட்டங்களை விலக்கிப் பார்க்கிறாள். வெறும் கண்ணுக்கு எட்டியது போதவில்லை. ஓடிப்போய், நாடகம் பார்ப்பவர்கள் வைத்துக்கொள்ளும் கைப்பிடியுள்ள சிறிய இருகண்நோக்கியை எடுத்து வருகிறாள். குரங்காட்டி, பல்லக்கு, குடை பிடித்துப் போகும் ஒரு பருத்த மனிதர் என்று தெரு நகர நகர, அவளும் ஜன்னல் ஜன்னலாக உள்ளே நகர்கிறாள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சிறைப்பட்டவள் என்ற விளக்கம் உண்மையாக இருந்தால் அவள் கம்பிக்குப் பின்னால் சோர்ந்து நிற்க வேண்டும். இவளோ விளையாடுகிறாள். சட்டங்களைத் திறப்பதும் மூடுவதும் அவள் கைதான். தான் காணப்படாமல் பிறரைக் காண்பதற்கு அந்த ஜன்னல் அவளுக்குக் கருவியாகிறது. தெருவுக்குள் அவள் போக முடியாது என்ற செய்தியும், தெருவை அவள் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறாள் என்ற செய்தியும் ஒரே மரச்சட்டத்தின் வழியாக ஒரே நேரத்தில் வந்துசேர்கின்றன. 'சிறை' என்ற சொல் முதல் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கீழே போட்டுவிடுகிறது. இரண்டாவதுதான் கதைக்கு முக்கியம், ஏனெனில் இந்தப் பெண் பின்னால் எழுத்தாளராகப் போகிறவள்.

அதன் பிறகு பியானோவில் ஓரிரு சுரங்களைத் தட்டுகிறாள். காலடி ஓசை. கணவன் பூபதி வருகிறான். அவளைக் கடந்து அறைக்குள் போகிறான். கையில் புத்தகத்தைப் புரட்டியபடியே திரும்பி வந்து மறுபடியும் அவளைக் கடக்கிறான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும் மனைவியை அவன் பார்ப்பதில்லை. அப்போது சாரு, தெருவைப் பார்ப்பதற்காக எடுத்து வந்த அதே கண்ணாடியை உயர்த்தி, போய்க்கொண்டிருக்கும் கணவனைப் பார்க்கிறாள். முழுக்காட்சியும் இந்த ஒரு செயலுக்காகவே அடுக்கப்பட்டிருக்கிறது. தொலைவில் இருப்பதைப் பார்க்கும் கருவி என்று ஐந்து நிமிடமாக நமக்குப் பழக்கிய ஒன்றை, பக்கத்தில் இருப்பவன் மீது திருப்பியவுடன், அவன் எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்பது சொல்லப்பட்டுவிடுகிறது. கண்ணாடிக்கு அகராதியில் அந்த அர்த்தம் கிடையாது. தெருவின் மீது பலமுறை பயன்படுத்திக் காட்டியதால் மட்டுமே அது கணவன் மீது திரும்பும்போது பேசுகிறது.


எதிர்வினை எழுதியது:

நண்பர் மேசைவிளக்கின் விளக்கம் அழகாக இருக்கிறது. அதுதான் எனக்குச் சந்தேகத்தையும் தருகிறது. படத்தைப் பத்து முறை பார்த்து, நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தவருக்குத் தோன்றுவதை, ஒருமுறை மட்டும் அரங்கில் பார்ப்பவர் எப்படி உணர்ந்திருக்க முடியும்? சாதாரணப் பார்வையாளர் முகத்தைப் பார்க்கிறார், கதையைப் பின்தொடர்கிறார். மற்றவை விமர்சகர்களின் வேலை. இரண்டாவதாக, இயக்குநர் இதையெல்லாம் எண்ணித்தான் செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?


செட்டுக்காரன் எழுதியது:

நான் பல வருடங்கள் கலை இயக்கத் துறையில் உதவியாளனாக இருந்தவன். எதிர்வினை கேட்ட இரண்டாவது கேள்வி எங்கள் தொழிலில் தினமும் வரும் கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

ஒரு படத்துக்காக வாடகை வீடு ஒன்றில் படப்பிடிப்பு. வரவேற்பறைச் சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி இருந்தது. எந்தக் கோணம் வைத்தாலும் அதில் லைட்மேனும், வெளிச்சத்தை மென்மையாக்கக் கட்டும் ஸ்கிம்மர் துணியும் தெரிந்ததால், கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள். கழற்றிய இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது. பூசி மறைக்க நேரமில்லை, அப்படியே எடுத்தோம். படம் வந்த பிறகு ஒரு விமர்சனத்தில், 'குடும்பத்தில் இல்லாமல் போன தந்தையின் தடமாக அந்த வெறும் சதுரம் சுவரில் நிற்கிறது' என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் கதை உண்மையிலேயே தந்தை இல்லாத குடும்பத்தின் கதைதான். அந்தக் காட்சியில் நாயகியும் அந்தச் சதுரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். எழுதியவர் பார்த்தது திரையில் இருந்தது. எங்கள் அவசரம் திரையில் இல்லை. யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'சாருலதா'வின் அந்த வீடு பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள் கட்டப்பட்டது. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. கட்டப்பட்ட செட்டில் ஒரு ஜன்னல் 'அங்கே இருந்ததால்' இருக்க முடியாது. யாரோ அளவெடுத்து, மரம் வாங்கி, தச்சருக்குக் கூலி கொடுத்து வைத்தால்தான் இருக்கும். தெரு நகர நகர அவள் நகர வேண்டும் என்றால் ஜன்னல்கள் வரிசையாக, நடக்கும் வேகத்துக்கு ஏற்ற இடைவெளியில் இருந்தாக வேண்டும். எனவே, வீட்டில் ஜன்னல் இருக்கும், படத்திலும் இருக்கிறது என்ற வாதம் இந்தப் படத்துக்குப் பொருந்தாது.


மேசைவிளக்கு எழுதியது:

செட்டுக்காரன் ஐயாவின் வெளுத்த சதுரத்தை நான் மறக்கப் போவதில்லை. அதற்கு இணையான புகழ்பெற்ற தற்செயல் ஒன்று உண்டு. 'தி காட்ஃபாதர்' (1972) தொடக்கத்தில், குற்றக்கும்பலின் தலைவர் டானாக நடிக்கும் மார்லன் பிராண்டோவின் மடியில் இருக்கும் பூனை திரைக்கதையில் இல்லை. ஸ்டூடியோ வளாகத்தில் திரிந்த பூனையை இயக்குநர் கொப்போலா எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதே படத்தில் பிராண்டோவின் கண்கள் நிழலில் அமிழ்ந்திருப்பதற்கும் எளிய காரணம் ஒன்று உண்டு. முதுமை ஒப்பனைக்கு ஏற்றவாறு ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்குகளைத் தலைக்கு மேலே அமைத்தார்; மேலிருந்து விழும் வெளிச்சத்தில் புருவ எலும்பு கண்ணுக்கு நிழல் போட்டது. கண்ணே தெரியவில்லை என்று அன்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் படம் பார்க்கும் நமக்கு, எதிரில் கெஞ்சி நிற்பவனால் இந்த மனிதரின் மனத்தைப் படிக்க முடியாது என்பதே அந்த நிழலின் பொருளாகிறது. ஒப்பனைக்காகப் பிறந்த வெளிச்சம், படம் முழுவதும் அந்த அறைக்குரிய வெளிச்சமாகத் திரும்பத் திரும்ப வந்தபோது அதிகாரத்தின் வெளிச்சமாகிவிட்டது. ஒன்று படத்துக்குள் எவ்வாறு வந்தது என்பது தயாரிப்பு வரலாறு. வந்த பின் படம் அதை என்ன செய்தது என்பதே நம் கேள்வி. தற்செயலாக வந்த பூனையை வெட்டி எறியாமல் வைத்துக்கொண்டதும் ஒரு முடிவுதான்.

இந்தப் படத்தை இழுத்ததற்கு இன்னொரு காரணம், இங்கும் சாய்சட்ட ஜன்னல் இருக்கிறது. வெளியே தோட்டத்தில் வெயிலும் கல்யாணக் கூட்டமும். உள்ளே சட்டங்கள் மூடிய இருட்டறையில் பேரம். வெளியே கூச்சல் எழும்போது டான் அந்தச் சட்டங்களின் வழியே எட்டிப் பார்க்கிறார். சாரு செய்யும் அதே செயல். ஆனால் சாரு பார்க்கும் தெருவுக்கு அவள் இருப்பதே தெரியாது. டான் பார்க்கும் தோட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த அறைக்குள் அழைக்கப்படக் காத்திருக்கிறார்கள். ஜன்னல் என்றால் சிறை என்ற அகராதியை வைத்துக்கொண்டு இந்த அறைக்குள் நுழைந்தால் அசட்டுத்தனமாகிவிடும்.

இன்னும் வேடிக்கை, இரண்டு படங்களிலும் தொடக்கத்தில் லென்ஸ் பின்வாங்குகிறது. 'காட்ஃபாதரி'ல் இருட்டில் ஒரு முகம் மட்டும் தெரிய, ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் மிக மெதுவாகப் பார்வை விரிந்து, இறுதியில் சட்டகத்தின் ஓரத்தில் டானின் தலையும் கையும் இருளுருவாகத் தெரிகின்றன. அந்த முகத்துக்குரியவன் இவ்வளவு நேரம் யாரிடம் பேசினான் என்பது அப்போது தெரிகிறது. 'சாருலதா'விலோ, கணவன் போனபின் அவள் கண்ணாடி பிடித்த கையைத் தொங்கவிடும் கணத்தில் ஜூம் சட்டென்று பின்னோக்கிப் பாய்கிறது. அந்த விரிவில் புதிதாக யாரும் தெரிவதில்லை. அவளைச் சுற்றி இடம் மட்டும் கூடுகிறது. முதலாவதில் பின்வாங்கல் ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டாவதில் ஒருத்தியைத் தனியே விட்டுவிட்டுப் போகிறது. கருவி ஒன்றேதான்.

எதிர்வினையின் முதல் கேள்விக்கு வருகிறேன். 'மரத்தை வெட்டினான்' என்பதற்கும் 'மரத்தால் வெட்டினான்' என்பதற்கும் உள்ள வேறுபாடு, வேற்றுமை உருபு என்ற பெயரையே கேட்டறியாத குழந்தைக்கும் தெரியும். மரம் மாறவில்லை, அதன் வாலில் ஒட்டிய ஓரசை மாறியிருக்கிறது. ஜன்னல், கண்ணாடி, புத்தகம் எல்லாம் பெயர்ச்சொற்கள். கேமரா நிற்கும் தூரம், ஷாட் நீடிக்கும் நேரம், ஒருவர் எதிரில் ஒருவர் நிற்கும் முறை ஆகியவை உருபுகள். பார்வையாளர் உருபைக் கவனிப்பதில்லை, அதன்படி புரிந்துகொள்கிறார். ஜூம் என்ற சொல்லை அறியாத என் தாயார் அந்த இடத்தில் 'ஐயோ பாவம்' என்றார்.


குறுந்தொகைப்பித்தன் எழுதியது:

இழை வேற்றுமை உருபுவரை வந்துவிட்டதால் துணிந்து எழுதுகிறேன். சூழலில் உள்ள ஒன்றை அருகில் வைத்தே மனித உறவைச் சொல்லும் கலை நமக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 25ஆவது பாடலில், கபிலரின் தலைவி, அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு நினைவு வந்தவளாக, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது அந்தக் குருகு.

பாட்டு அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துவிட்டு விலகிவிடுகிறது. குருகு இருந்தது, ஆனால் அதன் கண் மீன்மேல் இருந்தது. சாட்சி உண்டு, ஆனால் சாட்சி சொல்லாது. புத்தகத்தில் கண்ணைப் பதித்தபடி சாருவைக் கடந்து போகும் பூபதியைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் குருகுதான். அவனும் தன் ஆரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை வைத்துச் சொல்லும் முறைகளை உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் பேசியதை அறிந்தவர்களுக்குத் திரைச்சட்டகத்தைப் படிப்பது கடினமில்லை.


மேசைவிளக்கு எழுதியது:

குருகு அருமை. ஆனால் உள்ளுறை என்ற சொல்லை இங்கே கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. உள்ளுறை உவமத்தில் இது தலைவன், இது பரத்தை, இது ஊரார் என்று ஒன்றுக்கொன்று பொருத்திக்கொண்டே போவது உரைகாரர்களின் வழக்கம். சங்கத்துப் பெரியவர் குரங்கைச் சாருவோடு பொருத்தியதும் அந்த வழக்கம்தான். கபிலரின் குருகு அப்படிப் பொருத்தப்படும்போது சுருங்கிவிடுகிறது. அது நீரில் நிற்கும் உண்மையான பறவையாக இருக்கும்வரைதான் அந்தத் தனிமை நமக்கு வலிக்கிறது.


நிலாமுற்றம் எழுதியது:

இதுவரை எல்லோரும் ஜன்னலையும் கண்ணாடியையும் பேசிவிட்டீர்கள். உடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதால் ஒரு சிறு இடையீடு, காட்சியை விட்டு விலகுவதற்காகக் கோடைநிழல் மன்னிக்க வேண்டும்.

வோங் கர்-வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' (2000) படத்தில், 1962இன் ஹாங்காங்கில், கணவனுக்கு வேறு உறவு இருப்பதை உணர்ந்துகொண்ட ஒரு பெண்ணும், மனைவிக்கு வேறு உறவு இருப்பதை உணர்ந்துகொண்ட ஓர் ஆணும் குறுகலான நடைகளிலும் மாடிப்படிகளிலும் ஒருவரையொருவர் கடந்துகொண்டே இருக்கிறார்கள். நாயகி படம் முழுவதும் உயர்ந்த கழுத்துப்பட்டி வைத்த சியோங்சாம் என்ற உடலோடு ஒட்டிய சீன உடைகளையே அணிகிறாள். பூவும் கோடும் மட்டும் மாறுகின்றன. ஒரே உரையாடல்போலத் தொடரும் இடத்தில் உடை மாறியிருக்கும். அப்போதுதான் இடையில் நாள்கள் கழிந்திருக்கின்றன என்று உறைக்கும். படத்தில் உடைதான் நாள்காட்டி. அதே சமயம், அந்தக் கழுத்துப்பட்டியின் விறைப்பு அவளைக் குனியவோ சாயவோ விடுவதில்லை. அவள் மனத்தை அடக்குகிறாள் என்று எந்த வசனமும் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. கலை இயக்கம், உடை, படத்தொகுப்பு மூன்றையும் வில்லியம் சாங் என்ற ஒருவரே பார்த்தார் என்பதை அறிந்தபோது, வெட்டும் இடமும் உடை மாறும் இடமும் இவ்வளவு பொருந்தியிருப்பது எனக்கு வியப்பாக இருக்கவில்லை.

இன்னொன்று: துரோகம் செய்த அந்தக் கணவனின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் படம் காட்டுவதே இல்லை. குரலும் முதுகும் மட்டும்தான். சட்டகத்துக்குள் எதை வைக்கவில்லை என்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.


எதிர்வினை எழுதியது:

வேற்றுமை உருபு எனக்கு ஓரளவு விளங்குகிறது. ஆனால் நீங்கள் எல்லோரும் காட்டும் காட்சிகள் நகர்வோடும் வெட்டுகளோடும் இருப்பவை. கண்ணாடி இரண்டாம் முறை வரும்போதுதான் பேசுகிறது என்றால், அது தொகுப்பின் வேலை, கதையின் வேலை. ஒரே ஷாட்டுக்குள், ஒரே நேரத்தில், வைத்த இடத்தினால் மட்டுமே பொருள் பிறக்கும் என்று காட்ட முடியுமா?


மேசைவிளக்கு எழுதியது:

நியாயமான கேள்வி. அதற்கு விடையாகவும் ஒரு ஜன்னலே கிடைக்கிறது. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941), ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். வெளியே பனியில் ஒரு சிறுவன் விளையாடுகிறான். கேமரா ஜன்னல் வழியாக வீட்டுக்குள் பின்வாங்க, தாய் உள்ளறைக்கு நடந்து வந்து மேசையருகே அமர்கிறாள். அருகில் வங்கியாளர் தாட்சர். மகனை அவரிடம் ஒப்படைக்கும் பத்திரத்தில் அவள் கையெழுத்திடப் போகிறாள். தகப்பன் இவர்களிடமிருந்து தள்ளி, நடுவில் நின்று மறுத்துப் பேசிக்கொண்டிருக்கிறான். எல்லோருக்கும் பின்னால், ஜன்னல் சட்டத்துக்குள், விரல் அளவில், சிறுவன் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

வழக்கமாக அருகில் இருப்பது தெளிவாக இருந்தால் தொலைவில் இருப்பது மங்கும். டோலண்ட் அகன்ற லென்ஸும் மிகுந்த வெளிச்சமும் கொண்டு முன்னாலிருக்கும் காகிதத்தையும் பின்னாலிருக்கும் பையனையும் ஒருங்கே தெளிவாக வைத்தார். அதனால் யாரைப் பார்ப்பது என்ற தேர்வு நம்மிடம் விடப்படுகிறது. பேசுபவர்களைப் பார்க்கிறோம், ஆனால் அவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவன் அவர்களுக்கு நடுவே, தன் தலைவிதி எழுதப்படுவதை அறியாமல், கத்திக்கொண்டிருக்கிறான். யார் முன்னால், யார் பின்னால், யார் பெரிது, யார் சிறிது என்பதிலேயே அந்தக் குடும்பத்தில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. தாய் மேசையில்; தகப்பன் பேச்சில் மட்டும்; மகன் வெளியே.

பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50,000 டாலர் கிடைக்கும் என்ற பேச்சு வருகிறது. தகப்பனின் எதிர்ப்பு அடங்குகிறது. எல்லாம் நன்மைக்கே என்பதுபோலச் சொல்லிவிட்டு அவன் போய் ஜன்னலை மூடுகிறான். பையனின் குரல் அறுந்துபோகிறது. கையெழுத்திட்ட தாய் எழுந்து போய் அதே ஜன்னலை மறுபடி திறக்கிறாள். மகனை விட்டுக்கொடுப்பவள் அவன் குரல் கேட்க வேண்டும் என்று திறக்கிறாள். அவனுக்காக வாதாடியவன் மூடுகிறான். இந்த முரணை எந்த வசனமும் சுட்டவில்லை.


செட்டுக்காரன் எழுதியது:

அந்த ஷாட்டில் எங்கள் தொழிலாளிகளின் கைவண்ணம் ஒன்று இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். கேமரா பின்வாங்கும் பாதையில் மேசை நின்றால் டிராலி இடித்துவிடும். எனவே கேமரா கடந்த பிறகு மேசையை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். மேசைமேல் இருக்கும் தாட்சரின் தொப்பி, சட்டகத்துக்குள் வரும்போது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். முதல்முறை அதைக் கண்டபோது, யாரோ நம் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து தள்ளியிருக்கிறான் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த ஆடும் தொப்பியையும் குறியீடு என்று யாராவது எழுதிவிடாமல் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று எந்தப் படப்பிடிப்பில் பார்த்தாலும் ஒருவர் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விளக்கை நேரே முகத்தில் அடிக்காமல் பலகையில் பட்டுத் திரும்பி வரச் செய்வதற்காக. 'சாருலதா'வின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, அதற்கு முன்பே ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் இதைச் செய்தார். காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் கட்ட வேண்டி வந்தபோது, முற்றத்துக்கு மேலே வானம்போல வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியில் அடித்து, திரும்பி விழும் வெளிச்சத்தில் படமெடுத்தார். திறந்த முற்றத்தில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இறங்கும் பகல் வெளிச்சம் அப்படிக் கிடைத்தது. இதற்கு என்ன பொருள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வீட்டில் மனிதர்கள் உண்மையிலேயே வாழ்கிறார்கள் என்று நம்பவைத்தது. அதை நம்பாவிட்டால் ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் எந்த மதிப்பும் இல்லை. விமர்சனங்களில் இந்த நம்பவைக்கும் வேலைக்கு இடமே தருவதில்லை என்பது எங்கள் பழைய மனக்குறை.


எதிர்வினை எழுதியது:

ஜன்னலை மூடுபவனும் திறப்பவளும் மாறியிருப்பதை நான் இதுவரை கவனித்ததே இல்லை. அந்த இடத்தில் எனக்குத் தாயின் முகம் மட்டும்தான் நினைவிருந்தது. ஒரு சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். இவ்வாறு நுணுகிப் படிக்க இடம் தருபவை மிகச் சில படங்களே. எல்லாப் படத்திலும் இதைத் தேடினால் மறுபடியும் அந்தப் பெரியவரின் பட்டியல்தான் மிஞ்சும்.


மேசைவிளக்கு எழுதியது:

முழுமையாக உடன்படுகிறேன். நான் எனக்காக வைத்திருக்கும் சோதனை மிக எளியது: அந்தப் பண்டத்தை மனத்தில் எடுத்துவிட்டு, வேறொன்றை வைத்துப் பார்ப்பேன். கைக்குட்டையில் 'பி'க்குப் பதிலாக ஒரு பூவைத் தைத்திருந்தால் காட்சி சற்று இளைக்கும், ஆனால் நிற்கும். குரங்காட்டிக்குப் பதிலாகப் பாம்பாட்டி வந்திருந்தால் ஒன்றும் குறையாது. கைப்பிடிக் கண்ணாடியை எடுத்துவிட்டால் காட்சியே இல்லை. அதே கண்ணாடி பின்னால் தோட்டத்தில் மறுபடி வருகிறது; எதிர்வீட்டு ஜன்னலில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாயைச் சாரு அதன் வழியே பார்க்கிறாள், பிறகு பூபதியின் தம்பி முறையான அமலைப் பார்க்கிறாள். முதல் காட்சியில் ஈட்டிய பொருளை அது அங்கே செலவழிக்கிறது.


கோடைநிழல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அந்த முதல் காட்சியை ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மேசைவிளக்கின் சோதனையையும் செய்தேன். குரங்கு தோற்றது, கண்ணாடி வென்றது.

யாரும் இங்கே சொல்லாத ஒன்று கண்ணில் பட்டது. சாரு அலமாரியில் தேடி எடுத்த புத்தகம் அவள் கையில் அதிக நேரம் தங்குவதில்லை. ஓசை கேட்டவுடன் அதை விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்க ஓடிவிடுகிறாள். சிறிது நேரத்தில் பூபதி வரும்போது அவன் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. அவன் அதை விடுவதில்லை, பக்கத்தில் அவள் நிற்கும்போதும். இருவரும் படிக்கிறவர்கள்தான். அவளுடைய புத்தகம் ஒரு சிறு ஓசைக்கே வழிவிடுகிறது, அவனுடையது மனைவிக்கும் வழிவிடவில்லை. அந்தப் பெரியவரை நேற்று கடைத்தெருவில் பார்த்தேன், இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் புத்தகம் எதன் குறியீடு?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு சங்கத்தில் அந்த ஏழெட்டு நிமிடங்களை மட்டும் மறுபடி ஓட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.